நாற்காலிக்கு நாற்காலி

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அந்த வாக்கியத்தை முதலில் சொன்னவர் செல்லையா என்றே இவ்வளவு நாளும் எண்ணியிருக்கிறேன். சில நேரம் அதைப் புஷ்பாவின் குரலில்தான் முதலில் கேட்டேன் என்றும் தோன்றுகிறது. ரத்தம் உடம்பைவிட்டு வெளியே போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கும்போது மனிதனுடைய ஞாபகத்தை அவ்வளவாக நம்ப முடியாது. அழுத்தம் இறங்கும், கண் செருகும், பக்கத்து நாற்காலிப் பேச்சு கனவுக்குள் வந்துவிடும். அதனால் யார் முதலில் என்பதை விட்டுவிடுகிறேன். வாக்கியம் மட்டும் உறுதி.

"பாக்குறவனுக்கு ஒண்ணும் ஆவுறதில்ல."

குவாலா சிலாங்கூரில், பழைய கடை வரிசை ஒன்றில், முன்பு மெத்தை விற்ற கடை. இப்போது அங்கே சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். பெயர்ப்பலகையில் நீளமான பெயர் ஒன்று இருக்கிறது. நாங்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. "ரத்தம் கழுவப் போறேன்" என்போம். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். எங்கள் கூட்டத்துக்குத் திங்கள், புதன், வெள்ளி. இன்னொரு கூட்டத்துக்குச் செவ்வாய், வியாழன், சனி. இரண்டு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதே கிடையாது. அவர்கள் எழுந்துபோன நாற்காலியில் மறுநாள் நாங்கள் சாய்ந்துகொள்வோம். தொடர்ந்து சில தடவை போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேச்சு வருவதில்லை.

நான் தனி ஆள். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் வீட்டில் யாராவது பேச வேண்டுமென்றால் நானேதான் பேச வேண்டும். பேசுவதில்லை. புத்தகம் படிப்பேன். ரத்தம் கழுவுமிடத்துக்கும் ஒரு புத்தகம் கொண்டுபோவேன். ஊசி ஏறாத கையால் பக்கம் புரட்டுவேன்.

என் இடது பக்கம் புஷ்பா. ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்தவர், கணவர் இல்லை, ஒரே மகள். அவரும் அதிகம் பேசமாட்டார். பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தால் இரண்டை என் பக்கம் நீட்டுவார். நான் வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தால், "என்னண்ணே போட்டுருக்கு?" என்பார். நான்கு வரி வாசித்துக் காட்டுவேன். "ம்" என்பார். பிறகு இருவரும் பேசாமல் இருப்போம். வீட்டில் நான் பேசாமல் இருப்பதும் இங்கே பேசாமல் இருப்பதும் ஒன்றல்ல என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே எனக்குத் திங்களின் நினைப்பு வந்துவிடும். ஊசிக்குப் போக ஆசைப்படும் ஒரே நோயாளி நான்தான் போலும்.

வலது பக்கம் செல்லையா. வடக்கே ஒரு எஸ்டேட்டில் மண்டோராக, ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரியாக இருந்தவர். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். கண்ணாடி போட்டுப் படிப்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் "கிராணி", எஸ்டேட் கணக்கப்பிள்ளை. காலையில் வந்ததும், "என்னா கிராணி, கணக்கு சரியா இருக்கா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்பார். அவ்வளவு பெரிய மனிதருக்கு ஊசி என்றால் நடுக்கம். நர்ஸ் சந்திரிகா, எங்களுக்கு மிஸ்ஸி, ஊசியோடு வந்தாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "அம்மாடி, மெதுவா லா, மெதுவா லா" என்பார். இன்னும் ஊசி தொட்டிருக்காது.

ஒரு நாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்த வாக்கியத்தை முணுமுணுத்தார்.

"என்னா மாமா, மந்திரமா?" என்றார் சந்திரிகா.

"மந்திரம் இல்ல மிஸ்ஸி. வலி வருது, போவுது. நம்ம சும்மா பாத்துக்கிட்டிருக்கணும். பாக்குறவனுக்கு ஒண்ணும் ஆவுறதில்ல."

"யாரு சொன்னா?"

"போன்ல ஒரு சாமியாரு பேசுனாரு. நல்லாத்தான் பேசுனாரு. பாதியில டேட்டா முடிஞ்சி போச்சி."

"மிச்சம்?"

"மிச்சத்த நானே போட்டுக்கிட்டேன் லா."

சந்திரிகா ஊசியை ஏற்றினார். "அய்யோ ஆத்தா!" என்று செல்லையா கத்தியதில் எதிர்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த சீனத்துக் கிழவர் விழித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம். புஷ்பாவும் சிரித்தார்.

அப்படித்தான் அது உள்ளே வந்தது. அடுத்த வாரம் கால் பிடிப்பில் துடித்த ஒருவரிடம் பக்கத்து அம்மாள் அதைச் சொன்னார். அவர் தன் வேன் டிரைவரிடம் சொன்னார். நாலு நம்பர் லாட்டரி எடுத்து ஏமாந்தவர், மருமகளோடு சண்டை போட்டவர், எடை கூடியதற்காக டாக்டரிடம் திட்டு வாங்கியவர் என்று ஒவ்வொருவராக அதையே சொல்லிக்கொண்டார்கள். கோடியில் இருந்த மலாய்க்காரப் பெரியவர் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். நான் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். சற்று யோசித்து, தங்களிடம் இதற்கு 'சபார்', பொறுமை, என்று ஒரே சொல் போதும் என்றார். அது இரண்டும் ஒன்றா என்று நான் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்றில்லை என்று பட்டது. பொறுத்துக்கொள்கிறவன் இன்னும் அங்கே இருக்கிறான். பார்க்கிறவன் எங்கேயோ விலகிப் போய்விடுகிறான்.

எண்ணங்கள் கிருமிகளைப் போல மனத்திலிருந்து மனத்துக்குத் தாவுகின்றன, உண்மையா பொய்யா என்பது அவற்றுக்கு ஒரு பொருட்டல்ல, சுலபமாகத் தாவ முடிகிறதா என்பதே விஷயம் என்று எங்கேயோ படித்திருக்கிறேன். எங்கள் இடத்தில் ஒரு தனி அறை உண்டு. கண்ணாடிக் கதவு போட்டது. ரத்தத்தில் தொற்று இருப்பவர்களுக்கு அங்கே தனி இயந்திரம், தனி நாற்காலி. மிஸ்ஸி உள்ளே போனால் வேறு அங்கி மாட்டிக்கொள்வார். நான் சாய்ந்தபடியே அந்த அறையைப் பார்ப்பேன். ஒரு வாக்கியத்துக்கு எந்தக் கதவைப் போடுவது?

உண்மையைச் சொன்னால் அப்போது கதவு தேவையாக இருக்கவில்லை. புலம்பல் குறைந்தது. எல்லோரையும்விடப் புஷ்பாவிடம்தான் மாற்றம் தெரிந்தது. முன்பெல்லாம் ஊசி ஏறும்போது அவருக்குக் கண் கலங்கும். மகளை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டே இருப்பார். "நான் போய்ட்டா அவளுக்கு யாருண்ணே?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டு, கேட்டதற்காக வெட்கப்பட்டார். இப்போது ஊசி ஏறும் இடத்தை அவரே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது. எனக்குச் சந்தோஷம்தான். பிஸ்கட் நீட்ட மறந்துபோனதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு எடை பார்க்கும் தராசில் ஏறினால் எண்ணைப் பார்க்காமல் இறங்கினார். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்ற எங்கள் விதியை விட்டார். ஒரு வெள்ளிக்கிழமை, நேரம் முடிவதற்கு வெகு முன்பே, "போதும் மிஸ்ஸி, கழட்டுங்க" என்றார்.

"ஏன்க்கா, முடியலையா?"

"முடியாம இல்ல. போதும்."

அடுத்த வாரம் மகள் விஷாலினி வந்தாள். புஞ்சாக் ஆலாமில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மருந்து சம்பந்தமான படிப்பு. அம்மாவைப் படுக்கவைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"அங்கள், அம்மாகிட்ட இதெல்லாம் யாரு சொன்னது? வீட்டுல எது கேட்டாலும் பாக்குறவனுக்கு ஒண்ணும் ஆவுறதில்லன்றாங்க. நான் அழுதா என்னையும் பாத்துக்கிட்டே இருக்காங்க. டிவி பாக்குற மாதிரி. சீரியஸ்லி அங்கள், இட்ஸ் லைக் எ வைரஸ்."

நான் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டேன். செல்லையா தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் யார் என்பதை அவளுக்குச் சொல்ல அந்த அறையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அவள் சந்திரிகாவிடம் போய் முறையிட்டாள். சந்திரிகா நல்லவர், நோயாளிகள் ஒருவரும் கெட்டுப்போகக் கூடாது என்று நினைப்பவர். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தொற்று என்றால் பிரித்துவைப்பது. இயந்திரத்தைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று ஒரு காரணம் சொல்லி, செல்லையாவைச் செவ்வாய், வியாழன், சனிக்கு மாற்றிவிட்டார்.

செல்லையா போகும்போது, "கிராணி, என்னய கூட்டம் மாத்திட்டாங்கய்யா" என்று மட்டும் சொன்னார்.

சில வாரங்களில் மற்றக் கூட்டத்திலும் எல்லோரும் அதையே சொல்கிறார்கள் என்று சந்திரிகா என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. அதுவரை ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு கூட்டங்களுக்கு நடுவே அவரேதான் ஆளை அனுப்பிவைத்திருந்தார்.

அதைவிட மோசமானது எங்கள் பக்கம் நடந்தது. செல்லையா இருந்தவரை அந்த வாக்கியத்தோடு "அய்யோ ஆத்தா"வும் சேர்ந்தே வந்துகொண்டிருந்தது. சொல்வார், உடனே கத்துவார், நாங்கள் சிரிப்போம். சொன்னவரே அதற்குள் முழுதாக இல்லை என்பது ஒவ்வொரு திங்களும் எங்கள் கண்முன்னே தெரிந்தது. அவர் போனபின் கத்தல் போயிற்று. சிரிப்பும் போயிற்று. வாக்கியம் மட்டும் தங்கிவிட்டது. புஷ்பா அதைச் சொல்வதுகூட இல்லை. உதடு அசையாமல் உள்ளே வைத்திருந்தார்.

ஒரு புதன்கிழமை அவர் வரவில்லை. வெள்ளியும் இல்லை. வேன் போய் நின்று ஹார்ன் அடித்துவிட்டுத் திரும்பியதாம். "இனிமே வரலன்னு சொல்லிட்டாங்க" என்றார் சந்திரிகா. என் முகத்தைப் பார்க்காமல் அந்த நாற்காலியின் விரிப்பை எடுத்து மடித்தார்.

எனக்கு எடுத்துப் பேசும் பழக்கம் இல்லை. ஆனாலும் மறுநாள் காலையிலேயே கிளம்பி ஈஜோக் பக்கத்தில் அவர் இருந்த தாமான் குடியிருப்புக்குப் போனேன். வாசல் கம்பிக் கதவு திறந்திருந்தது. அவர் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பாதங்கள் வீங்கியிருந்தன. மூச்சு சற்று வேகமாக வந்தது.

"வாங்கண்ணே. டீ போடச் சொல்லவா?"

"வேணாம். ஏன் வரல?"

"வரணும்னு தோணல."

"செல்லையா சொன்னத வச்சிக்கிட்டா?"

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "அவரு சொல்லி எனக்கு வரலண்ணே. நான் ரொம்ப நாளா தேடிக்கிட்டுத்தான் இருந்தேன். எத தேடுறேன்னு தெரியாம. அது அவரு வாயில இருந்துச்சி, எடுத்துக்கிட்டேன்."

"அவரே ஒரு நாளும் தவறாம வந்துக்கிட்டிருக்காரு, புஷ்பா."

"வரட்டும்."

 நெடுநேரம் இருவரும் பேசாமல் இருந்தோம். முன்பெல்லாம் அந்தப் பேசாமையில் இரண்டு பேர் இருந்தோம். அன்றைக்கு நான் ஒருவன்தான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை செல்லையாவைத் தேடிப் போனேன். எஸ்டேட்டின் பழைய தொழிலாளர் லயத்தில் மிஞ்சியிருக்கும் சில வீடுகளில் அவருடையது ஒன்று. சுற்றிலும் செம்பனை மரங்கள். வாசலில் உட்கார்ந்து, டாக்டர் தொடக்கூடாது என்று சொன்ன ரம்புத்தான் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தட்டைப் பின்னால் தள்ளினார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

"நெசமாவா? நிப்பாட்டிட்டாளா?"

"ஆமா."

"அட, பைத்தியக்காரப் புள்ள! நான் சும்மா சொன்னது லா அது. ஊசி குத்துறப்ப பயத்துல ஒளறுனது. சாமியாரு என்ன சொல்ல வந்தாருன்னே எனக்குத் தெரியாதுய்யா. பாதிதானே கேட்டேன்."

"அத அவங்ககிட்ட வந்து சொல்லுங்க."

அவர் மறுக்கவில்லை. மகனுடைய காடியை எடுத்தார். வழியெல்லாம், "நான் என்னத்தச் சொன்னேன், அவ என்னத்த எடுத்துக்கிட்டா" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே வந்தார்.

விஷாலினிதான் கதவைத் திறந்தாள். செல்லையாவைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது. ஒதுங்கி, சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டாள். புஷ்பா முன்பு பார்த்த அதே இடத்தில், இப்போது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

செல்லையா அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். அந்த உடம்பை மடக்கி உட்காரவே சிரமப்பட்டார்.

"தங்கச்சி, நான் சொல்றத கேளு. எனக்குப் பயம். ஊசிக்குப் பயம், மெஷினு கத்துனா பயம், செத்துருவேன்னு ராத்திரியெல்லாம் பயம். பயத்த மறைக்கத்தான் அதச் சொன்னேன். அது பொய்ம்மா. நீ அத நம்பிக்கிட்டு..."

புஷ்பா சிரித்தார். கேலி இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

"நீங்க பொய்யாத்தான் சொன்னீங்கண்ணே. எனக்கு அப்பவே தெரியும். ஆனா அது பொய் இல்லையே."

செல்லையா கழுத்தைத் திருப்பினார். அவர் என்னைப் பார்த்தார். கிராணிதானே, படித்தவன்தானே, சொல்லேன் என்பது போல. நான் படித்தது எதுவும் உதவிக்கு வரவில்லை. கிருமிக்கு உண்மை, பொய் என்று கிடையாது. ஒரு சொல்லுக்கு உண்டு. இந்தச் சொல் ஒருவேளை உண்மையாகவே இருந்தால், அதை நோய் என்று எப்படிச் சொல்வேன்? அது உண்மையே என்றாலும், வீங்கிய காலோடு உட்கார்ந்திருக்கும் இந்தப் பெண்ணை அதனிடம் எப்படி விட்டுவிட்டுப் போவேன்?

"அம்மாவுக்குச் சொல்லுங்க அங்கள்" என்றாள் விஷாலினி.  "ப்ளீஸ்."

நான் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரு பெண்ணிடம் நான் சொன்னதிலேயே அதுதான் பெரிய பேச்சு.

"நீங்க இல்லாத நாள்ல அங்க உக்காரவே முடியல, புஷ்பா. புஸ்தகத்துல ஒரு வரி ஓடல. நீங்க வந்தாப் போதும். பேசக்கூட வேணாம்."

அவர் என்னைப் பார்த்தார். கனிவாகத்தான் பார்த்தார். அந்தக் கனிவு எனக்கென்று இருந்ததாகச் சொல்ல முடியாது. ஜன்னலுக்கும் விசிறிக்கும்கூட அது அப்படியே கிடைத்திருக்கும்.

"அதையும் பாருங்கண்ணே" என்றார்.

திரும்பும் வழியில் செல்லையா ஸ்டியரிங்கைத் தட்டவில்லை. என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டபின் காடியை எடுக்காமல் நெடுநேரம் நின்றார். பிறகு, "நான் பொய்யா சொன்னத அவ நெசமாவே செய்றாய்யா" என்றார். அதில் பயம் இருந்தது. பொறாமையும் கொஞ்சம் இருந்தது என்றுதான் எனக்குப் பட்டது. அதை அவரிடம் நான் கேட்கவில்லை.

புஷ்பா அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. கடைசியில் மூச்சு முட்டியபோது விஷாலினி ஆம்புலன்ஸை அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது. காரியங்கள் முடிந்த பிறகு அவள் எனக்குப் போன் செய்தாள்.

"அங்கள், ஒண்ணு கேக்கணும். கடைசியா அம்மா பேசுனது எனக்குப் புரியல. கண்ணத் தொறந்து, இன்னிக்கி என்னா கெழமன்னு கேட்டாங்க. செவ்வான்னேன். சரின்னு கண்ண மூடிக்கிட்டாங்க. ஏன் அங்கள் அதக் கேட்டாங்க?"

எங்கள் நாற்காலிகளில் சாய்ந்த எவருக்கும் அந்தக் கேள்வி தெரியும். விழித்ததும் நாங்கள் எல்லோரும் முதலில் கேட்டுக்கொள்வது அதைத்தான். இன்று போகவேண்டிய நாளா, இல்லையா. புஷ்பா அதை நினைத்துத்தான் கேட்டாரா, மயக்கத்தில் வந்த வெறும் பேச்சா, எனக்குத் தெரியாது. போக வேண்டும் என்று ஆசைப்பட்டாரா, போக வேண்டாத நாள் என்று நிம்மதிப்பட்டாரா, அதுவும் தெரியாது.

"தெரியலம்மா" என்றேன். அது பொய் அல்ல.

விஷாலினி படிப்பை முடித்துவிட்டாள். வடக்கே சபாக்கில் ஒரு மருந்துக் கடையில் வேலை. தீபாவளிக்கு எனக்குப் போன் செய்வாள். அம்மாவைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. சந்திரிகா வேலையை விட்டுவிட்டு ஜொகூரில் கணவரோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். செல்லையா செவ்வாய், வியாழன், சனி தவறாமல் போகிறார். ஊசி ஏறும்போது இப்போது கத்துவதில்லையாம், ஒன்றும் சொல்வதுமில்லையாம். அந்தக் கூட்டத்தில் மற்றவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சீனத்துக் கிழவர் போன வருடம் காலமானார். நான் திங்கள், புதன், வெள்ளி போய் வருகிறேன். புஷ்பாவின் நாற்காலியில் இப்போது தஞ்சோங் காராங்கிலிருந்து வரும் ஒரு வயல்காரர் உட்காருகிறார். அவர் வந்ததும் தூங்கிவிடுவார்.